திரைப்பாட்டில் நாயனம்: காருகுறிச்சியும் மதுரையும்

1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்கார வேலனே தேவா', நாகசுரத்தைக் குரலுக்குச் சரிசமமாக உட்கார வைத்த பாட்டு. ஆபேரி ராகம், இசை எஸ். எம். சுப்பையா நாயுடு, பாடல் கு. மா. பாலசுப்பிரமணியம், குரல் எஸ். ஜானகி, நாகசுரம் காருகுறிச்சி அருணாசலம். ஊருக்கு அடையாளமாய் ஒரு வாத்தியம் நிற்பது வேறிடங்களிலும் உண்டு: அமெரிக்காவில் 1984இல் அலபாமா குழு பாடி, கன்ட்ரி இசை வரிசையில் முதலிடம் பிடித்த பாட்டு ஒன்று, டெக்சாஸில் வாசிக்க வந்தால் பிடில் வேண்டும் என்கிறது. தமிழகத்தில் பிடில் கர்நாடக இசைக் கச்சேரியோடு ஒன்றிப்போனது. இங்கே ஊருக்கு அடையாளமாய் நின்றது நாயனம் எனும் நாகசுரம்தான். ஸ்ரீபெரும்புதூரில் சுவாமி புறப்பாடு ஆனாலும் ஒரகடத்து மண்டபத்தில் கெட்டிமேளம் ஆனாலும் அது முன்னால் நிற்கும்.

கோயில் வீதிக்கென்று பிறந்த வாத்தியம் இது. பழைய திமிரி நாயனத்தின் சுருதி உச்சத்தில் இருக்கும். நாலு வீதிக்கும் கேட்கும், மற்ற வாத்தியங்களோடு எளிதில் ஒட்டாது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) சுருதி தாழ்ந்த, நீளமான பாரி நாயனத்துக்கு மேடையில் பெருமை தேடித் தந்தார்; நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி அதைச் செய்து செம்மைப்படுத்தினார். பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைக் கடைந்து, ஏழு விரல் துளைகளும் சுருதி சேர்க்க ஐந்து துளைகளும் இடுவார்கள். மேலே செருகும் சீவாளியை எச்சிலில் நனைத்துப் பதம் பார்த்த பிறகே வாசிப்பு. மாற்றுச் சீவாளிகள் ஊசியோடு நூலில் தொங்கும். நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. பாரியில் இப்படிச் சுருதி தணிந்திராவிட்டால் ஒலிவாங்கிக்கு முன் குரலோடு நாயனம் இழைந்திருக்குமா என்பது ஐயமே.

ராஜரத்தினம் 1940இல், எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'கவி காளமேக'த்தில் கதாநாயகனாக நடித்தார். ஆனால் அவர் ஏற்ற வேடம் புலவர் காளமேகம். நாயனக்காரர் திரைக்கு வந்துவிட்டார். நாயனக்காரன் என்ற பாத்திரம் நிலைபெற இன்னும் இருபதாண்டு ஆயிற்று.

அதை நிகழ்த்தியவர் அவர் சீடர் அருணாசலம் (1921–1964). 'சிங்கார வேலனே' பாட்டில் ஜானகி ஒரு சங்கதியைப் பாடி நிறுத்த, நாயனம் அதையே எடுத்துக் கொஞ்சம் வளைத்துத் திருப்பித் தருகிறது. கடைசியில் ஸ்வரங்கள் மாறி மாறி விழுகின்றன. எது குரல், எது குழல் என்று காது ஒரு கணம் தடுமாறும். திரையில் ஜெமினி கணேசன் வாசிக்க, சாவித்திரி பாடுகிறார்.

இதில் ஊர்க்கணக்கு ஒன்று கவனிக்கத்தக்கது. நாகசுரம் என்றாலே தஞ்சை என்பது வழக்கம். காருகுறிச்சியோ தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஊர். பாட்டு போற்றும் செந்தூர் முருகனும் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக்காரன்.

1968இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய 'தில்லானா மோகனாம்பாள்' இந்தக் கணக்கை நீட்டியது. ஆனந்த விகடனில் தொடராக வந்த கொத்தமங்கலம் சுப்புவின் கதை அது. நாயகன் சிக்கல் சண்முகசுந்தரம், பேரிலேயே காவிரிப் படுகையைச் சுமப்பவன். சிவாஜி கணேசனின் கன்னமும் விரலும் அசைய, உள்ளிருந்து ஒலித்ததோ மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் மூச்சு. கே. வி. மகாதேவன் இசையில், கண்ணதாசன் எழுதி பி. சுசீலா பாடிய 'நலந்தானா', காயம்பட்ட நாயனக்காரனிடம் ஆடுகிறவள் சபையறியாமல் நலம் விசாரிக்கும் பாட்டு. சொல்லால் பதில் சொல்ல முடியாத இடத்தில் அவன் நாயனம் பதில் சொல்கிறது. தவிலும் அந்தப் பேச்சில் கலக்கிறது. வாத்தியமே இங்கு வசனம்.

1989இல் கங்கை அமரன் இயக்கி இளையராஜா இசையமைத்த 'கரகாட்டக்காரன்' நாயனத்தைக் கோயில் மேளத்திலிருந்து நையாண்டி மேளத்துக்குக் கூட்டிவந்தது. அங்கே ராக ஆலாபனைக்கு இடமில்லை. கரகத்தின் அடவுக்கு ஏற்ற துள்ளல் நடைதான். சபாக்காரர்கள் தள்ளிவைத்திருந்த அந்த மேளத்துக்கும் தமிழகம் முழுக்கக் கேட்பவர்கள் கிடைத்தார்கள்.