மறதிநோயில் உறக்கக் கோளாறுகள்

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் கண்டவர்களிடம் தூக்கமின்மை, பகல் உறக்கம், உறக்கத்தில் கைகால் வீசுதல் போன்ற கோளாறுகள் மிகுதி. மூளையின் எந்தப் பகுதி நலிகிறது என்பதைப் பொறுத்து இவை வகைக்கு வகை மாறுபடும்.

அல்சைமர் நோய்: உடலின் இராப்பகல் கடிகாரம், மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள சிறு நரம்பணுத் தொகுதி. இந்நோயில் அதன் அணுக்கள் அழிகின்றன. மெலட்டோனின் சுரப்பும் குறைகிறது. ஆழ்ந்த உறக்கம் குறைந்து இரவுத் தூக்கம் துண்டு துண்டாகும். பொழுது சாயும் வேளையில் சிலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும். சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, “வீட்டுக்குப் போகணும்” என்று வாசலை நோக்கி நடப்பார்கள்.

லூயி உடல் (நரம்பணுக்களில் சேரும் புரதத் திரள்) மறதிநோய்: கனவுகள் மிகும் ரெம் உறக்கத்தில் மூளைத்தண்டு தசைகளை அசையவிடாமல் கட்டிவைக்கும். இந்நோயில் அந்தக் கட்டு தளர்ந்தால், கனவில் துரத்துபவனுக்கு விட்ட உதை பக்கத்தில் படுத்திருப்பவர்மேல் விழும். நோயாளி கட்டிலிலிருந்தும் விழக்கூடும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் குழுவினர் 1986இல் இதைத் தனிக் கோளாறாக விவரித்தனர். மறதி தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது தொடங்குவதுண்டு. 2017இல் திருத்தப்பட்ட நோயறிதல் விதிகளில் இது முதன்மை அறிகுறிகளுள் ஒன்றானது. பார்க்கின்சன் நோயைத் தொடரும் மறதியிலும் காணப்படும்.

பிற வகைகள்: இரத்தநாளப் பாதிப்பால் வரும் மறதிநோயில், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் உறக்க மூச்சுத்தடை பரவலாக உள்ளது. அது இரத்த அழுத்தத்தை உயர்த்திப் பக்கவாதத்துக்கும் வழிவிடும். மூளையின் நெற்றி, பொட்டு மடல்களைத் தாக்கும் வகையில் உறங்கி விழிக்கும் ஒழுங்கு குலைந்து, சிலர் இரவில் நடமாடுவார்கள். பிறழ்ந்த புரதத்தால் வரும் அரிய பிரியான் நோயான மரபுவழி உயிர்க்கொல்லித் தூக்கமின்மையில் மூளையின் தலாமஸ் பகுதி சிதைந்து தூக்கமே அற்றுப்போகும்.

மருத்துவம்: வலி, மலச்சிக்கல், இரவில் சிறுநீர் கழிக்க எழுதல் ஆகியவற்றை முதலில் கவனிப்பர். காலை வெயில், பகல் நடை, குறைந்த பகல் தூக்கம் ஆகியவை உதவும். மறதிநோய்க்குத் தரப்படும் டோனெபெசில் மாத்திரை இரவில் கெட்ட கனவு தந்தால், மருத்துவர் அதைக் காலைக்கு மாற்றுவதுண்டு. மூச்சுத்தடைக்குக் காற்றழுத்த முகமூடி தரப்படும். கனவில் கைகால் வீசுவோருக்கு மெலட்டோனின் தருவதோடு, கட்டிலைத் தாழ்த்திக் கூரான பொருட்களை அகற்றுவர். பென்சோடையசெபைன் வகைத் தூக்க மாத்திரைகள் குழப்பத்தையும் தடுக்கி விழுதலையும் கூட்டும். பதற்றத்தை அடக்கத் தரப்படும் ஹாலோபெரிடால், லூயி உடல் வகையினருக்குக் கடும் தசை விறைப்பை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மருந்துக்கு முன் மறதிநோயின் வகையை அறிவது இன்றியமையாதது.