கேமராவுக்குள் புகுந்த தூசி: ஒரு சிறு வரலாறு



என்னிடம் படித்தவர்களில் சிலர் கல்யாண போட்டோ தொழிலில் இருக்கிறார்கள். பேரன் பேத்தியைப் படம் பிடிக்க நல்ல கேமரா வாங்கி வைத்திருக்கும் உறவினர்களும் உண்டு. இவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு நாள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி விழுகிறது. உள்ளே துணி விட்டுத் துடைக்கலாமா?"

துடைக்கலாமா கூடாதா என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் கேட்ட பதில் நாலு நாளில் மறந்துபோகும். அதனால் கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன்.

ஃபிலிம் காலத்திலும் தூசி இருந்தது. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் புது ஃபிலிம் முன்னால் வந்து நின்றது. ஒரு கட்டத்தில் ஒட்டிய தூசி பெரும்பாலும் அந்தக் கட்டத்தோடு சுருண்டு போய்விடும். பெரிய தொல்லை இருட்டறையில்தான். நெகட்டிவ் மேல் தூசி இருந்தால் பிரிண்டில் வெள்ளைப் புள்ளியாக விழும். ஸ்டுடியோக்களில் மெல்லிய தூரிகையும் சாயமும் வைத்துக்கொண்டு அந்த வெள்ளையை ஒவ்வொன்றாக அடைப்பதற்கென்றே ஆள் இருப்பார். சினிமாவில் ஒரு ஷாட் ஓகே ஆனதும் உதவி ஒளிப்பதிவாளர் கேமராவின் கேட்டைத் திறந்து, முடியோ ஃபிலிம் துகளோ சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பார். பார்த்த பிறகுதான் அடுத்த ஷாட்டுக்கு நகர்வார்கள்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் சிசிடி என்ற ஒளியுணர் சில்லுக்கான யோசனையை உருவாக்கினார்கள். அதற்காக 2009இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1975இல் கோடக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன், சிசிடியை வைத்து முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். எடை சுமார் 3.6 கிலோ. ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி. 1991இல் கோடக், நிக்கான் எஃப்3 உடலோடு 1.3 மெகாபிக்சல் சென்சாரைப் பொருத்தி, பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கான டிஜிட்டல் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1999இல் நிக்கான் டி1 வந்தது. 2003இல் கேனான் 300டி ஆயிரம் டாலருக்குள் வந்ததும், லென்ஸ் கழற்றி மாட்டும் டிஜிட்டல் கேமரா சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டத் தொடங்கியது.

சிக்கல் இங்கேதான். ஃபிலிம் நகரும், சென்சார் நகராது. லென்ஸைக் கழற்றும்போது உள்ளே போன ஒரு துகள் சென்சார் மேல் உட்கார்ந்தால், அன்று எடுக்கும் ஆயிரம் படத்திலும் அதே இடத்தில் புள்ளி விழும். மணப்பெண்ணின் நெற்றியில் விழுந்தால் அது திருஷ்டிப் பொட்டு ஆகாது; ஆல்பம் கொடுக்கிறவருக்குக் கெட்ட பெயர்தான் ஆகும்.

துகள் எவ்வளவு சின்னது? 36க்கு 24 மில்லிமீட்டர் சென்சாரில் 24 மெகாபிக்சல் என்றால், ஒரு பிக்சலின் அகலம் சுமார் 6 மைக்ரான். நம் தலைமுடி அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் தடிமன். கண்ணுக்குத் தெரியாத தூசியே பல பிக்சல்களை மறைத்துவிடும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. நாம் "சென்சார்" என்று பார்க்கும் பளபளப்பு, சென்சார் சில்லு அல்ல. அதன் முன்னால் வைத்திருக்கும் வடிகட்டிக் கண்ணாடி. தூசி உட்காருவது அதன் மேல். சில்லுக்கும் தூசிக்கும் நடுவே சிறு இடைவெளி இருப்பதால்தான், லென்ஸ் துவாரம் அகலமாக இருக்கும்போது நிழல் கலங்கி மறைந்துபோகிறது. துவாரத்தை எஃப்16, எஃப்22 என்று சுருக்கும்போது நிழல் கூர்மையாகிப் புள்ளி தெரிகிறது. மாலையில் ட்யூப்லைட் கீழே கையை மேஜைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பாருங்கள், நிழல் மங்கல். ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு கீழே பிடியுங்கள், நிழல் கூர்மை. அதே பாடம்தான்.

நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 2003இல் ஒலிம்பஸ் இ-1 கேமராவில், சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியையே காதுக்குக் கேட்காத மீயொலி வேகத்தில் அதிரவைத்துத் தூசியை உதறும் ஏற்பாடு வந்தது. உதிர்ந்த தூசி மறுபடி பறக்காமல் இருக்க ஒட்டும் பட்டையும் உண்டு. மாவுச் சல்லடையைத் தட்டுவது போன்ற யோசனைதான். 2006இல் கேனான் 400டி, சோனி ஏ100, பென்டாக்ஸ் கே10டி என்று மற்றவர்களும் அவரவர் வழியில் இதைக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் உலர்ந்த தூசியை உதறலாம், எண்ணெயை உதற முடியுமா? 2012இல் வந்த நிக்கான் டி600இல் வாங்கிய கொஞ்ச நாளிலேயே சென்சாரில் புள்ளிகள் சேர்வதாகப் பலர் புகார் சொன்னார்கள். 2013இல் ஷட்டர் மாற்றிய டி610 வந்தது. 2014இல் டி600 வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகச் சுத்தம் செய்து, ஷட்டரையும் மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அழுக்கு எப்போதும் வெளியிலிருந்துதான் வரும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே ஓடும் பாகங்களிலிருந்தும் வரும்.

லென்ஸின் கதை இன்னும் பழையது. பூச்சு இல்லாத கண்ணாடி, ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். மூன்று கண்ணாடி, ஆறு பரப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நஷ்டம். 1886இல் ராலே பிரபு, நாளாகி மங்கிய கண்ணாடி புதுக் கண்ணாடியைவிடக் குறைவாகப் பிரதிபலிப்பதைக் கண்டார். 1890களில் இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லரும் மங்கிப்போன பழைய லென்ஸ்கள் அதிக ஒளியை விடுவதைக் கவனித்தார். பார்ப்பவர் கண்ணுக்கு அழுக்கு. உண்மையில் அது லென்ஸுக்கு நன்மை செய்துகொண்டிருந்தது!

1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா, வெற்றிடத்தில் ஆவியாக்கி மெல்லிய பூச்சு படியவைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1938இல் அமெரிக்காவில் கேத்தரின் பிளாஜெட் என்ற விஞ்ஞானி, சோப்பு போன்ற பொருளை ஒரு மூலக்கூறு தடிமனில் 44 அடுக்காகப் படியவைத்து, பிரதிபலிப்பே இல்லாத கண்ணாடியைக் காட்டினார். ஆனால் கையால் துடைத்தால் பூச்சும் போய்விடும். பிறகு வந்த கடினப் பூச்சுகள் அப்படிப் போவதில்லை. இருந்தாலும் ஒரு பூச்சின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். சட்டை நுனியால் லென்ஸைத் துடைக்கிறவர்கள், மணலை வைத்து அதைத் தேய்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு இன்னொரு எதிரி பூஞ்சை. இரண்டாம் உலகப் போரில் நியூகினியின் ஈரக் காட்டில் பைனாகுலர்களுக்குள் பூஞ்சை படர்ந்து பயனற்றுப் போயின. மெல்போர்ன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் அதற்கு மருந்து தேடினார்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் மழைக்காலமும் பூஞ்சைக்குப் பிடித்த காலம்தான். சிலந்திவலை போல லென்ஸுக்குள் படர்ந்து, அது விடும் அமிலம் பூச்சையே அரித்துவிடும். கேமராவைத் தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். மாதம் இரண்டு முறையாவது எடுத்துப் படம் பிடியுங்கள்.

இனி முறை.

முதலில் சோதனை. எஃப்22 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரையோ தெளிவான வானத்தையோ எடுங்கள். லென்ஸ் மாற்றியும் புள்ளி அதே இடத்தில் இருந்தால் அது சென்சாரில் இருக்கிறது. பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேலே தெரியும் தூசி சென்சாரில் கீழே இருக்கும்.

அடுத்து கேமராவின் தானியங்கிச் சுத்தம். போகவில்லையா? பேட்டரியை முழுதாக ஏற்றி, மெனுவில் உள்ள சென்சார் சுத்தம் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். பல்ப் முறையில் விரலால் பட்டனை அழுத்திக்கொண்டு செய்யாதீர்கள். விரல் நழுவினால் ஷட்டர் மூடி உடையும். கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் பல்பு ஊதியால் காற்றடியுங்கள். மூக்கை உள்ளே நுழைக்க வேண்டாம். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டின்னில் அடைத்த காற்று திரவத்தைக் கக்கிக் கறையாக்கும். பெரும்பாலான தூசி இதிலேயே போய்விடும்.

அதற்கும் போகாத ஒட்டுக்கறைக்குத்தான் ஈரத் துடைப்பு. சென்சார் அகலத்துக்கென்றே விற்கும் துடைப்பான், அதற்கான திரவம் இரண்டு மூன்று சொட்டு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அழுத்தாமல் ஒரே இழுப்பு, திருப்பி இன்னொரு இழுப்பு, தூக்கிப் போடுங்கள். அந்தத் திரவம் பல நேரம் மெத்தனால். தீப்பிடிக்கும், விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் சென்சார் சில சமயம் மிதந்து ஆடும்படி பொருத்தப்பட்டிருக்கும். அங்கே இன்னும் மெதுவாக. கை நடுங்குகிறவர்கள் சர்வீஸில் கொடுப்பதே லாபம்.

லென்ஸுக்கும் அதே வரிசை: முதலில் காற்று, பிறகு மென்தூரிகை, கடைசியில் துணி. திரவத்தைத் துணியில் விடுங்கள், கண்ணாடியில் விடாதீர்கள். ஓரம் வழியாக உள்ளே இறங்கும். முன் கண்ணாடியின் சிறு கீறலுக்கு வருந்த வேண்டாம். பின் கண்ணாடியைத்தான் கண்போலக் காக்க வேண்டும்.

இந்த வரலாறு முழுக்க ஒன்றைத்தான் சொல்கிறது: அழுக்கு எங்கே இருக்கிறது, எதனால் ஆனது என்று தெரிந்த பிறகே கை வைக்க வேண்டும். தொடாமல் போகிற அழுக்கைத் தொடக்கூடாது.

தொழில் செய்யும் பிள்ளைகள் இன்றிரவே அந்த வெள்ளைச் சுவர் சோதனையைச் செய்து பாருங்கள். முகூர்த்த நாளில் தெரிவதைவிட முந்தின நாளில் தெரிவது நல்லது.