ஒளியைப் பதித்த அணிகலன்

அணிகலனின் மதிப்பைப் பொன்னின் எடையாலும் மணியின் விலையாலும் அளந்தறிவதே நெடுங்கால வழக்கு. வடிவமைப்பவரின் சிந்தனையே அணியின் உண்மை மதிப்பு என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. கலைஞர் தாமே வடிவம் கண்டு, தம் பட்டறையில் தம் கையாலேயே செய்துமுடிக்கும் புதிய அணிகலைக்கு அமெரிக்காவில் அடித்தளமிட்டோருள் மார்கரெட் டி பாட்டா (1903-1964) குறிப்பிடத்தக்கவர்.

ஓவியம் பயின்ற அவரை இத்துறைக்கு ஈர்த்தது ஒரு மோதிரமே. 1929-இல் தம் திருமணத்திற்கு மனம் விரும்பிய புதுமைப் பாங்கான மோதிரம் கிடைக்காமையால், அதனைத் தாமே செய்ய முனைந்தார். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கைவினைஞரிடம் உலோகத் தொழிலின் அடிப்படைகளைக் கற்றுத் தேர்ந்தார்.

1940-41-இல் சிகாகோ வடிவமைப்புப் பள்ளியில் லாஸ்லோ மொஹோலி-நாகியிடம் பயின்றமை அவர் வாழ்வில் திருப்பமாயிற்று. கல்லை உலோகத்துள் சிறைப்படுத்தாது, வெளியில் மிதப்பதுபோல் நிறுத்த வேண்டும் என்னும் ஆசிரியரின் கருத்தை அவர் செயலாக்கினார். இதற்குக் கல்வெட்டும் வல்லுநர் பிரான்சிஸ் ஸ்பெரிசெனின் துணை வாய்த்தது. அவர்கள் இருவரும் பளிங்குபோன்ற படிகக்கல்லின் தளங்களைப் புதுமுறையில் வெட்டினர். கல்லின் பின்னே அமைந்த ஒற்றைக்கோடு முன்னிருந்து நோக்குவார்க்குப் பலவாகத் தோன்றும், நோக்கும் கோணம் மாறின் இடம்பெயரும், சிலபோது மறையும். அணிந்தவரின் அசைவும் இவ்வாறு அணியின் ஓர் உறுப்பாயிற்று. இவ்விந்தையை நிகழ்த்தியது விலைமிக்க வைரமன்று, எளிய படிகமே.

1946-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கைவினை அணிகலன்களுக்கெனக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. காகிதப் பிடிப்பூசிகளால் ஆன கழுத்தணியும் அதில் இடம்பெற்றமை, மதிப்பீடு மாறிவந்ததற்குச் சான்றாகும். டி பாட்டாவின் படைப்புகளும் அங்கு இடம்பெற்றன.

நல்ல வடிவமைப்பு எளியோரையும் சென்றடைய வேண்டும் என அவர் விழைந்தார். அதே ஆண்டில் கணவர் யூஜின் பீலாவ்ஸ்கியுடன் இணைந்து, அச்சில் வார்த்த அணிகளைக் குறைந்த விலைக்கு ஆக்கத் தொடங்கினார். ஆயின், பல படிகள் ஆக்கும் பணி புதியன படைக்கும் பொழுதை விழுங்கிற்று. 1958-இல் அம்முயற்சி முடிவுற்றது. பின்னர் அவர் தனிப்படைப்புகளில் ஈடுபட்டார். கடற்கரைக் கூழாங்கல்லையும் மணியாகக் கொண்டார்.

எல்லார்க்கும் எட்டும் விலை, எவ்வணியிலும் புதிய சிந்தனை என்னும் இரண்டையும் ஒருசேரப் பேண அவரால் இயலவில்லை. எனினும், காலடியிற் கிடக்கும் கல்லும் கலைஞரின் கருத்தால் அணியாகும் என அவர் காட்டிச் சென்றார். அவருடைய வெற்றி அதுவே.