டிரங்குப் பெட்டியும் 'அ' பதிவேடும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமையைப் பேசிக் கலைவது வழக்கம். இன்று நாம் நினைவைக் காப்பாற்றும் வேலையைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம். அந்த வேலையில் மாணவர்களுக்கும் களத்தில் நிற்பவர்களுக்கும் நிறைய இடம் காலியாக இருக்கிறது.

1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. 1914இல் அவர் மறையும்வரை வாராவாரம் வந்தது. பிறகு கோலார் தங்கவயலில் நம் மக்கள் அதை மீண்டும் நடத்தினார்கள். பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டார்கள். சுரங்கத்தில் இறங்கி வேலை செய்த குடும்பங்களின் காசு அது. அதற்கப்புறம் நீண்ட மௌனம். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையத்திலிருந்து வந்தபோதுதான் தமிழ் அறிவுலகம் திரும்பிப் பார்த்தது. அந்தத் தொகுப்பு எப்படிச் சாத்தியமாயிற்று? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் கரையானுக்கும் பழைய பேப்பர்காரருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களை வைத்திருக்கச் சொல்லவில்லை.

இரட்டைமலை சீனிவாசனின் 'பறையன்' இதழுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1893இல் தொடங்கியபோது இரண்டே நாளில் நானூறு பிரதிகள் விற்றன என்று அவரே தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் சொல்கிறார். வாங்கிய அந்த நானூறு பேர் வீட்டிலும் ஒரு பரண் இருந்திருக்கும்தானே? ஆனாலும் 'தமிழன்' போல அது தொகுதியாக நம் கைக்கு வந்து சேரவில்லை. அக்காலத்து நம் இதழ்கள் பலவற்றை மற்ற இதழ்களில் வந்த குறிப்புகளையும், சுதேசிப் பத்திரிகைகள் பற்றி வெள்ளை அரசு தயாரித்த அறிக்கைகளையும் வைத்தே அறிய வேண்டியிருக்கிறது. அரசு நம்மைக் கண்காணித்ததால் நம் வரலாறு கொஞ்சம் மிஞ்சியது என்பது கசப்பான வேடிக்கை.

இதழ் தொலைந்தால் எழுத்து போகும். பதிவேடு தொலைந்தால் நிலமே போகும்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் நம் மக்களுக்குள் மட்டுமே கைமாறலாம். சென்னை மாகாணத்தில் இப்படிக் கொடுக்கப்பட்டது பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உங்கள் ஊரில் எத்தனை ஏக்கர்? அதை அந்தந்த ஊரில்தான் தேடியாக வேண்டும்.

தேடும் வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பழைய செட்டில்மெண்ட் 'அ' பதிவேட்டை எடுங்கள். குறிப்புக் கலத்தில் 'டி.சி.' என்று இரண்டு எழுத்து இருக்கிறதா பாருங்கள். அந்தப் புல எண்ணை எடுத்து, 1980களில் யு.டி.ஆர். நடந்தபோது யார் பேருக்குப் பட்டா மாறியது என்று பாருங்கள். அடுத்து வில்லங்கச் சான்று. நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்துடன் மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். ஒரு தாலுகா அலுவலகத்தில் எங்களுக்குக் காட்டப்பட்ட பதிவேட்டில் நாங்கள் தேடிப்போன பக்கம் மட்டும் இல்லை. முன்னும் பின்னும் சேதமில்லாமல் இருந்தன. கிடைக்கிற நகலை இன்றைக்கே வாங்கி வையுங்கள் என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

காகிதம் இல்லாத இடத்தில் பெரியவர்களின் பேச்சு இருக்கிறது. "உங்க வரலாறு சொல்லுங்க" என்று போய் உட்கார்ந்தால் எந்த ஆயாவும் வாய் திறக்க மாட்டார். "இந்தக் கிணறு யார் வெட்டுனது ஆயா, அதுக்கு முன்னாடி தண்ணிக்கு எங்க போனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பொழுது சாய்ந்துவிடும். அந்தக் கிணறு, களத்துமேடு, சுடுகாட்டுப் பாதை, இரவுப் பள்ளி நடந்த திண்ணை இவற்றை எல்லாம் ஊர் வரைபடத்தில் குறியுங்கள். சொல்பவரின் பேச்சை அவர் பேசியபடியே எழுதுங்கள். செந்தமிழாக்கித் திருத்த வேண்டாம்.

இன்னொன்று. வீட்டு டிரங்குப் பெட்டியில் பட்டாவோ நோட்டீசோ பழைய போட்டோவோ கிடைத்தால் அங்கேயே படம் எடுங்கள். எடுத்துக்கொண்டு வராதீர்கள். ஆராய்ச்சிக்கு என்று வாங்கிப்போனவர்கள் திருப்பித் தராத கதை பல சேரிகளில் உண்டு. வாங்கிப்போனவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். ஒரு பிரதியை அச்செடுத்து அந்த வீட்டுக்கே கொடுங்கள்.

1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். அவர்களுக்கு ஆண்டுதோறும் வீரவணக்கம் செலுத்துகிறோம். அன்று அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்போது இருபது வயதில் இருந்தவர்களுக்கே இப்போது ஐம்பதாகிவிட்டது. அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார, உங்களில் யாருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வு?