உடும்பும் பேரோந்தியும்

கல்வராயன் மலைப்பக்கம் உடும்பென்றால் முதலில் அதன் பிடியும் அடுத்து அதன் கறியுமே பேசப்படும். அதன் தூரத்து உறவான பேரோந்தியின் வரலாற்றை நாம் சற்றே நோக்குவோம்.

1940களுக்குப் பின் அழிந்ததாகவே கருதப்பட்ட ஜமைக்காப் பேரோந்தி, 1990இல் ஹெல்ஷயர் குன்றுகளில் மீண்டும் அகப்பட்டது. கண்டவர் அறிஞரல்லர், பன்றி வேட்டைக்குச் சென்ற ஒருவரும் அவருடைய நாயுமே. பின்னரே பல நாட்டு வல்லுநர் கூடினர். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பேரோந்தி வல்லுநர் குழுவினர் ஊதியம் பெறாத் தன்னார்வலர்கள். அத்தீவில் குஞ்சுகளுக்குப் பெரும்பகை கீரி. 1872இல் இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. எனவே குஞ்சுகளைக் கிங்ஸ்டனின் ஹோப் உயிரியல் பூங்காவில் வளர்த்து, பெரிதானபின் காட்டில் விட்டனர்.

தமிழகத்திலும் இதற்கோர் இணை உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்திற்குப் பின் பாம்புத்தோல் வாணிகம் தடைப்பட, பிழைப்பிழந்த இருளர் 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். நஞ்செடுத்தபின் பாம்புகளைக் காட்டிலேயே விடலாயினர்.

ஈரிடத்தும் வேட்டையறிவே காப்புக்குத் துணையாயிற்று. உடும்பைக் கொல்வது இன்று குற்றம், அது தக்கதே. ஆயினும் அதன் வளையும் தடமும் அறிந்த கல்வராயன் மலையாளிப் பழங்குடியினரைக் குற்றவாளிகளாக மட்டுமே காண்போமாயின், அம்மலையின் பெரிய ஏடொன்றைப் படிக்காமலே மூடியவராவோம்.