நீதிமன்றத்திலிருந்து பாடசாலைக்கு வரும் கடிதம்

ஒரு பிள்ளை சிறுவர் நீதிமன்றத்துக்குப் போய் வந்தால், அதைப் பாடசாலைக்கு அறிவிக்க வேண்டுமா? ஆசிரியர்களாகிய நமக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி. "மற்றப் பிள்ளைகளின் பாதுகாப்பும் நம் பொறுப்புத்தானே, தெரியத்தான் வேண்டும்" என்பார் ஒருவர். "தெரிந்தால் அந்தப் பிள்ளை வகுப்பில் இருக்கவே ஏலாது" என்பார் மற்றவர். இரண்டிலும் நியாயம் உண்டு. இந்த வாதத்துக்கு ஒரு நீண்ட வரலாறும் உண்டு.

1899இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் சிறுவர்களுக்கெனத் தனி நீதிமன்றம் தொடங்கியது. அதற்கு முன் அங்கே சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களோடு ஒரே சிறையில் கிடந்தார்கள். பிள்ளையைத் தண்டிப்பதல்ல, திருத்துவதே வேலை என்பது புதிய நீதிமன்றத்தின் எண்ணம். விசாரணை அறையின் கதவை மூடுவதும் பதிவுகளைப் பூட்டி வைப்பதும் அடுத்து வந்த பல ஆண்டுகளில் வழக்கமாயின. காரணம் எளிது. இன்று குழப்படி செய்த பிள்ளை நாளை வகுப்புக்குத் திரும்ப வேண்டும், பிறகு தொழில் தேட வேண்டும்.

இங்கிலாந்தின் 1933ஆம் ஆண்டுச் சட்டம், சிறுவர் வழக்குகளில் குற்றத்தீர்ப்பு, தண்டனை போன்ற சொற்களையே பாவிக்கக் கூடாது என்றது. அதே சட்டத்தில், பிள்ளையின் பாடசாலை விபரம் நீதிமன்றத்துக்குப் போகவும் வழி இருந்தது. பிள்ளையைப் புரிந்துகொள்வதற்காக அந்தத் தகவல் போனது. நமது 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர்கள், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமும் இந்த மரபில் வந்ததுதான். சிறுவர் நீதிமன்றத்துக்குள் யார் இருக்கலாம், பத்திரிகை எதை எழுதலாம் என்பதற்கு அது வரம்பு போட்டது.

ஆனால் பூட்டு அவ்வளவு உறுதியாக இருக்கவில்லை. சிறுவர் பதிவுகளின் இரகசியம் பெரும்பாலும் பேச்சளவில்தான் என்று 1967இல் கோல்ட் வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றமே சொன்னது. அவை பொலிசுக்கும் இராணுவத்துக்கும், தனியார் முதலாளிமாருக்கும்கூடப் போய்க்கொண்டிருந்தன. மறைக்கப்பட வேண்டிய அந்த 15 வயதுப் பையனின் பெயரே இன்று வழக்கின் பெயராகிவிட்டது.

1990களில் இளைஞர் வன்முறை பற்றிய பயம் கூடியது. பல மாநிலங்கள், பிள்ளையின் வழக்கைப் பாடசாலைக்கு அறிவிக்கச் சட்டம் செய்தன. வன்முறைக் குற்றங்களுக்காகச் சிறுவர்கள் கைதாவது 1994இல் உச்சத்துக்குப் போய்ப் பிறகு குறைந்தது. பயம் குறையவில்லை. 1999 ஏப்ரலில் கொலம்பைன் பாடசாலையில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். அந்த இருவரும் முந்திய ஆண்டு ஒரு வேனை உடைத்துத் திருடி, இளையோருக்கான சீர்திருத்தத் திட்டமொன்றில் இருந்தவர்கள். பெப்ரவரி மாதம்தான் நல்ல அறிக்கையோடு, தவணைக்கு முன்னரே விடுவிக்கப்பட்டிருந்தார்கள். கோப்பைக் கையில் வைத்திருந்தவர்களுக்கே வரப்போவது தெரியவில்லை.

கலிபோர்னியாவின் சட்டத்தை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட சில குற்றங்கள் தீர்ப்பானால், 7 நாட்களுக்குள் நீதிமன்றம் கல்வி மாவட்ட அதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்கிறது. அவர் அதிபருக்கு அறிவிப்பார். தேவையான ஆசிரியருக்கும் ஆலோசகருக்கும் அதிபர் சொல்வார். பிள்ளையைத் திருத்தவும் மற்றவர்களைப் பாதுகாக்கவும் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். வேண்டுமென்று வெளியே பரப்பினால் பரப்பியவர் குற்றவாளி. அந்தக் கடிதம் தனிக் கோப்பில் இருக்கும். பிள்ளை படித்து முடித்தாலோ, நீதிமன்றப் பொறுப்பிலிருந்து நீங்கினாலோ, 18 வயதை அடைந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது அதை அழித்துவிட வேண்டும்.

யாருக்கு, எதற்காக, எதுவரைக்கும் என்ற மூன்று கேள்விக்கும் அங்கே பதில் எழுதப்பட்டிருக்கிறது.

இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 40ஆம் உறுப்புரை, வழக்கின் எல்லாக் கட்டத்திலும் பிள்ளையின் அந்தரங்கம் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்கிறது. 2018இல் குற்றப் பொறுப்பு வயதை 8இலிருந்து 12ஆக உயர்த்தினோம். சட்டம் பிள்ளையின் பக்கம் நகர்ந்துதான் வருகிறது.

ஊர் நகர்ந்திருக்கிறதா? நம்மிடம் கடிதம் வருவதற்கு முன் வட்ஸ்அப்பில் கதை வந்துவிடுகிறது. அதற்குத் தனிக் கோப்பும் இல்லை, அழிக்கும் திகதியும் இல்லை. ஆசிரியர் ஓய்வறையில் ஒருவர் சொன்னது மாலைக்குள் பிள்ளையின் உம்மா காதுக்கே போய்ச் சேரும். அடுத்த தவணையில் "வேறு பாடசாலை பாருங்கள்" என்ற பேச்சு. விடுகைப் பத்திரத்தில் நடத்தை பற்றி எழுதும் ஒரே வரியால், அடுத்த பாடசாலையின் கதவும் மூடலாம்.

பாடசாலைக்குத் தகவல் தெரிவது தவறல்ல. பிள்ளையை வகுப்பில் வைத்திருக்க உதவுமானால் அதிபருக்கும் வகுப்பாசிரியருக்கும் தெரியட்டும். வெளியேற்றத்தான் உதவுமென்றால் அது பாதுகாப்பல்ல. நீதிமன்றம் கொடுக்காத இரண்டாவது தண்டனை.

உங்கள் கருத்துகளைக் கீழே எழுதுங்கள். எந்தப் பிள்ளையின் பெயரையும் ஊரையும் மட்டும் எழுத வேண்டாம்.