விலைபோன கழிவு

1997ஆம் ஆண்டின் கியோட்டோ ஒப்பந்தம் விசித்திரமான ஒரு சந்தையைத் திறந்துவைத்தது. பிற நாட்டு ஆலைகளில் குறைக்கப்பட்ட உமிழ்வைச் செல்வந்த நாடுகள் சான்றிதழாக விலைக்கு வாங்கித் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள முடிந்தது.

குளிர்சாதனங்களுக்கான எச்.சி.எஃப்.சி-22 வாயுவைத் தயாரிக்கும்போது எச்.எஃப்.சி-23 கழிவாக வெளிப்படுகிறது. அதில் ஒரு டன்னை எரித்தழித்தால் 11,700 டன் கரியமில வாயுவைத் தடுத்ததாகக் கணக்கு. எரிக்கும் செலவோ சொற்பம். ஆகவே சரக்கைவிடக் கழிவே ஆதாயமாயிற்று. சான்றிதழ் கிடைத்த ஆண்டுகளில் ரஷ்ய ஆலைகளில் இக்கழிவு முன்னெப்போதுமில்லாத அளவுக்குப் பெருகியதை 2015இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதாவது, அழிப்பதற்காகவே நஞ்சு விளைவிக்கப்பட்டிருக்கிறது.

2013 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இச்சான்றிதழ்களைத் தன் சந்தையிலிருந்து விலக்கியது. ஆனால் வரலாறு விட்டுச்சென்ற எச்சரிக்கை எஞ்சியிருக்கிறது: பரிகாரத்துக்கு விலை வைத்தால், பாவமும் ஒரு பயிராகிவிடும்.